வாள் ஓய்ந்த நாட்டில் ஒரு சண்டைக்கூடம்

இங்கிலாந்து மண்ணில் ஓர் உயிரைக் காவு வாங்கிய கடைசித் துவந்த யுத்தம், 1852 அக்டோபரில் விண்ட்சருக்கு அருகிலுள்ள ப்ரீஸ்ட் ஹில் என்ற மேட்டில் நடந்தது. அதில் மோதிக்கொண்ட இருவரும் ஆங்கிலேயர்கள் அல்லர். பாரிஸிலிருந்து ஓடிவந்து லண்டனில் அடைக்கலம் புகுந்திருந்த பிரெஞ்சு அகதிகள். ஆங்கிலேயக் கனவான்கள் அதற்குள் இந்த வழக்கத்தைக் கைவிட்டிருந்தார்கள். 1843-இல் ஃபாசெட் என்ற ராணுவ அதிகாரி தம் மனைவியின் சகோதரி கணவரும் சக அதிகாரியுமான மன்ரோவின் குண்டுக்குப் பலியானபோது, அவருடைய மனைவிக்கு ஓய்வூதியம் தர அரசு மறுத்துவிட்டது. அடுத்த ஆண்டே ராணுவச் சட்டம் திருத்தப்பட்டு, துவந்த யுத்தத்துக்கு அழைப்பதும் அழைப்பை ஏற்பதும் வேலையையே பறிக்கும் குற்றங்களாயின. மானம் பெரிதா, மனைவியின் ஓய்வூதியம் பெரிதா என்ற கேள்வி எழுந்ததும் நூற்றாண்டுகால மரபு ஒன்று எவ்வளவு வேகமாகச் சுருண்டு படுத்தது என்பதை எண்ணினால் எனக்குச் சற்றே சிரிப்பு வருகிறது.

ஆகவே, விக்டோரியா மகாராணியின் காலத்து இங்கிலாந்தில் வாள் என்பது அணிவகுப்பில் இடுப்பில் தொங்குவதாகவும், உடற்பயிற்சிக் கூடத்தில் சிலர் பழகும் விளையாட்டாகவும், நாடக மேடையில் மரச்சத்தம் எழுப்புவதாகவும் குறுகிப்போனது. இந்த வறட்சிக் காலத்தில்தான் வாள்வித்தையின் வரலாற்றைத் தோண்டியெடுக்கும் ஆசை சிலருக்குப் பிறந்தது. அவர்களுள் முதன்மையானவர் கேப்டன் ஆல்ஃபிரட் ஹட்டன். 1839-இல் பிறந்த அவர், லண்டன் செயின்ட் ஜேம்ஸ் வீதியில் ஏஞ்சலோ குடும்பம் தலைமுறைகளாக நடத்திவந்த வாள்பயிற்சிக் கூடத்தில் சிறுவயதிலேயே சேர்ந்தவர். பிறகு ராணுவத்தில் நுழைந்து இந்தியாவுக்கு வந்தபோது, தம் படைப்பிரிவின் தளபதி கேட்டுக்கொண்டதற்கிணங்க வீரர்களுக்காக ஒரு வாள்வீச்சுக் கழகத்தைத் தொடங்கினார். அதற்காகப் பன்னிரண்டே பக்கங்களில் ஒரு கையேட்டையும் 1862-இல் எழுதினார். 1873-இல் ஓய்வுபெற்ற பிறகு அவருடைய வாழ்க்கை முழுவதும் வாளோடேயே கழிந்தது.

ஹட்டனும் அவருடைய நண்பர் எகர்ட்டன் காசிலும் செய்த காரியம் அந்நாளில் புதியது. பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளின் இத்தாலிய, ஆங்கிலேய வாளாசிரியர்கள் எழுதிவைத்த பழைய நூல்களைத் தேடிப் பிடித்து, அவற்றில் உள்ள படங்களையும் விளக்கங்களையும் கையில் வாளோடு நின்று செய்துபார்த்தார்கள். நீள்வாளும் குத்துக்கத்தியும் ஒன்றாக ஏந்தும் முறை, இரு கைகளாலும் பிடிக்கும் பெருவாள், சிறு கேடயத்தோடு வீசும் வாள் ஆகியவை இவ்வாறு மறுபடி அசையத் தொடங்கின. 1891 பிப்ரவரியில் லண்டன் லைசியம் நாடக அரங்கில் காசில் ஆற்றிய சொற்பொழிவின்போது, ஹட்டனும் அவருடைய தோழர்களும் மேடையேறி அந்தந்தக் காலத்து ஆயுதங்களால் சண்டையிட்டுக் காட்டினார்கள். இன்று ஐரோப்பிய வரலாற்று வாள்வித்தை என்ற பெயரில் பல நாடுகளில் ஆயிரக்கணக்கானோர் பழகும் ஒன்றுக்கு இவர்களே முன்னோடிகள்.

இதைப் பழமை மோகம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஹட்டனுக்கு ராணுவத்தோடு ஒரு தீராத வழக்கு இருந்தது. 1889-இல் அவர் வெளியிட்ட 'கோல்ட் ஸ்டீல்' என்ற நூலில் பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கிலேய வெட்டுவாள் முறையையும் வளைந்த வெட்டுவாளான சேபரை வீசும் சமகால இத்தாலிய முறையையும் இணைத்திருந்தார். அதோடு காவலரின் குறுந்தடி, குத்துக்கத்தி, நீண்ட கம்பு ஆகியவற்றுக்கும் அதில் இடம் தந்திருந்தார். பழைய நூல்களிலிருந்து அவர் குறிப்பாக எடுத்துக்கொண்டது, இடது கையால் எதிராளியின் மணிக்கட்டையோ வாளின் பிடியையோ பற்றி முடக்கும் உத்திகளை. போட்டி விளையாட்டில் இவை தவறான ஆட்டம் என்று விலக்கப்பட்டிருந்தன. போர்க்களத்தில் நெருக்கியடித்து நிற்கும்போது எதிராளி விதிமுறை பார்க்கமாட்டான் என்பது ஹட்டனின் வாதம். ஆனால் 1895-இல் ராணுவம் காலாட்படை அதிகாரிகளுக்காக வெளியிட்ட வாள்பயிற்சி முறையோ ஃப்ளாரன்ஸ் நகரத்து மாசியெல்லோ என்ற ஆசானின் வழியைப் பின்பற்றியது. ஹட்டன் அதைக் கடுமையாக விமர்சித்து எழுதினார். மூன்று ஆண்டுகள் கழித்து, அவருடைய வட்டத்தைச் சேர்ந்த கேப்டன் சிரில் மாத்தி, 1599-இல் ஜார்ஜ் சில்வர் என்ற ஆங்கிலேயர் இத்தாலிய வாள்முறையைச் சாடி எழுதிய நூலை மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். இத்தாலிய ஆசான்களோடு சில்வர் போட்ட சண்டை முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு ராணுவத் தலைமையகத்தின் வாசலில் மறுபடி நடந்தது என்றே சொல்லலாம்.

ராணுவத்தின் கதை இப்படியிருக்க, தெருவின் கதை வேறு. 1862-இல் லண்டன் நகரில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரைப் பின்னாலிருந்து கழுத்தை நெரித்துக் கொள்ளையடித்தார்கள். செய்தித்தாள்கள் ஊதிப் பெருக்கியதில் நகரம் முழுவதும் பீதி பரவி, கழுத்தை நெரிக்கும் கைகளைக் குத்துவதற்காக ஆணிகள் பதித்த கழுத்துப்பட்டைகள் கூட விளம்பரமாயின. 1898 ஆகஸ்டு விடுமுறை நாள் கலவரத்துக்குப் பிறகு தெருப்பொறுக்கிகளைக் குறிக்கும் 'ஹூலிகன்' என்ற சொல் நாளிதழ்களில் நிலைபெற்றது. கைத்துப்பாக்கியும் வாளும் இல்லாமல், தொப்பியும் மேலங்கியும் கைத்தடியுமாக மாலையில் வீடு திரும்பும் நடுத்தர வர்க்கத்து மனிதனுக்குத் தன்னைக் காத்துக்கொள்ள என்ன வழி என்பது பத்திரிகைகள் விற்கக்கூடிய கேள்வியாக மாறியது. அந்தக் கேள்விக்கு விடை தயாராக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு அதே ஆண்டில் ஜப்பானிலிருந்து லண்டன் வந்திறங்கினார் எட்வர்ட் வில்லியம் பார்ட்டன்-ரைட்.

இவர் பிறந்தது 1860-இல், பெங்களூரில். தந்தை சென்னை ரயில்வே நிறுவனத்தில் எஞ்சின் பிரிவின் கண்காணிப்பாளராகப் பல்லாண்டுகள் பணியாற்றியவர். மகனும் பொறியாளராகி நாடு நாடாகச் சுற்றி, 1890-களின் நடுவில் ஜப்பானின் கோபே நகரில் வேலைபார்த்தபோது அந்நாட்டின் வெறுங்கைச் சண்டைக்கலையான ஜுஜுட்சு கற்றார். பெங்களூர், சென்னை என்ற ஊர்ப்பெயர்களைப் பார்த்ததும் 'அப்படியானால் எல்லாம் நம் சிலம்பத்திலிருந்து போனதுதான்' என்று கிளம்பும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுக்கு இங்கேயே ஒரு வார்த்தை: பார்ட்டன்-ரைட் தாம் கற்பித்த கலைகளின் ஊற்றுகளை மறைத்தவர் அல்லர், ஜப்பானிய ஜுஜுட்சு, சுவிட்சர்லாந்து ஆசானின் கைத்தடி முறை, ஆங்கிலேயக் குத்துச்சண்டை, பிரெஞ்சுக்காரர்களின் உதைச்சண்டையான சவாத் என்று வரிசையாகவே சொன்னார். தம் பெயரின் முதல் பாதியை ஜுஜுட்சுவின் பின்பாதியோடு ஒட்டி 'பார்ட்டிட்சு' என்று இந்தக் கலவைக்குப் பெயரும் வைத்தார்.

1899 மார்ச், ஏப்ரல் மாதங்களில் 'பியர்சன்ஸ்' பத்திரிகையில் அவர் எழுதிய கட்டுரைகளைப் புகைப்படங்களோடு சேர்த்துப் பார்ப்பது இன்றும் சுவையான அனுபவம். கோட்டும் சூட்டுமாக இரண்டு கனவான்கள், முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லாமல், ஒருவர் மற்றவரின் முழங்கையை முறுக்கிக்கொண்டு நிற்கிறார்கள். தொல்லை கொடுக்கும் ஆளை அறையைவிட்டு வெளியேற்றுவது எப்படி என்று ஒரு பாடமே உண்டு. தோளில் போட்டிருக்கும் மேலங்கியை எதிராளியின் தலைமேல் வீசி, அவன் தடுமாறும் நேரத்தில் தாக்குவது இன்னொன்று. ஆனால் அந்தப் படங்களுக்கு முன்னால் அவர் வகுத்துச் சொல்லும் அடிப்படைகள் விளையாட்டானவை அல்ல: தாக்குபவனின் சமநிலையைக் குலைக்க வேண்டும், அவன் அதை மீட்டுத் தன் பலத்தைப் பயன்படுத்துவதற்குள் முந்திக்கொள்ள வேண்டும், தேவைப்பட்டால் அவனுடைய மூட்டுகளை, உடற்கூற்றின்படி அவை தாங்கவே முடியாத திசையில் வளைக்க வேண்டும். ஒரு பொறியாளரின் மூளை வேலை செய்வது இதில் தெரிகிறது. பலசாலியே வெல்வான் என்று நம்பிய ஒரு சமூகத்துக்கு இதை எடுத்துச் சொன்னதுதான் அவருடைய பெரிய பங்களிப்பு என்பது என் கருத்து.

அவருடைய கழகம் சோஹோ பகுதியில், ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூ 67பி இலக்கத்தில் இயங்கியது. வெள்ளை ஓடுகள் பதித்த சுவர்களும் மின்விளக்குகளும் கொண்ட அந்தப் பெரிய நிலவறைக் கூடத்தை 1901-இல் நேரில் பார்த்த ஒரு பெண் பத்திரிகையாளர், அங்கே சாம்பியன்கள் புலிகளைப் போல உலவிக்கொண்டிருந்தார்கள் என்று எழுதினார். அவர் மிகைப்படுத்தவில்லை. ஜப்பானிலிருந்து வரவழைக்கப்பட்ட இளைஞர்களான யுகியோ டானியும் சடகாஸு உயெனிஷியும் ஜுஜுட்சு கற்பித்தார்கள். சுவிட்சர்லாந்தின் மல்லர் ஆர்மாண்ட் ஷெர்ப்பியோ மல்யுத்தம் கற்பித்தார். பியேர் விக்னி கைத்தடிக்கும் சவாத்துக்கும் பொறுப்பு. அறுபதைத் தொட்டுவிட்ட கேப்டன் ஹட்டனும் அங்கே இருந்தார். நாடக நடிகர்களுக்கு எலிசபெத் காலத்து நீள்வாளும் குத்துக்கத்தியும் சொல்லிக்கொடுத்துக்கொண்டு. ஒரே கூரையின்கீழ் இத்தனை கலைகளின் ஆசான்கள் கூடியது ஐரோப்பாவில் அதற்கு முன் நடந்திருக்குமா என்பது ஐயமே.

இவர்களுள் விக்னியின் முறையை நான் சற்று நெருங்கிப் பார்த்திருக்கிறேன். வார இறுதிகளில் ஃபாயில் என்ற மெல்லிய விளையாட்டு வாளால் வாள்வீச்சு பழகும் கற்றுக்குட்டி என்பதால் அந்த ஆர்வம். அக்காலத்து ராணுவத்திலும் கழகங்களிலும் கம்பு விளையாட்டு என்றால் 'சிங்கிள்ஸ்டிக்'தான். 'ஆஷ்' மரக் கம்பின் அடியில் கையை மூடுமாறு பிரம்புக் கூடையோ தோல் கிண்ணமோ மாட்டியிருப்பார்கள். கை பாதுகாப்பாக இருப்பதால் அதை முன்னால் நீட்டி, சேபர் பிடிப்பதைப் போலவே நிற்கலாம். தெருவில் கொண்டுபோகும் கைத்தடியில் அந்தக் கூடை கிடையாது. வாள்வீச்சுப் பழக்கத்தில் கையை முன்னால் நீட்டினால் எதிராளியின் முதல் அடியே விரல்களில்தான் விழும். ஃபாயில் முகமூடியும் தடித்த கையுறையும் போட்டுக்கொண்டு நண்பர் ஒருவரோடு மெதுவாகச் செய்துபார்த்தபோதே இது எனக்கு உடனே விளங்கியது.

விக்னி இதற்குக் கண்ட தீர்வு எளிமையானது. தடியைப் பிடித்த கையைத் தலைக்கு மேலே பின்வாங்கி வைக்க வேண்டும். இடது கை முன்னால் நீள வேண்டும். தடுக்கும்போது கை எப்போதும் தடியின் முனையைவிட உயரத்திலேயே இருக்க வேண்டும். அப்படியானால் எதிராளியின் தடி நம் தடியின்மேல் விழுந்ததும் கீழ்நோக்கி வழுக்கிப் போகுமே தவிர, கைப்பக்கம் ஏறாது. இதைவிட நுட்பமானது தொலைவால் காத்துக்கொள்வது: தலையையோ முன்கையையோ அடிக்க வாகாகக் காட்டிவிட்டு, அடி வரும் கணத்தில் முன்காலைப் பின்னிழுத்து எட்டாத் தொலைவுக்குப் போய், வீசியவனின் கை வெறுங்காற்றில் கீழிறங்கும் நேரத்தில் அவன் மணிக்கட்டிலோ தலையிலோ போடுவது. வாளோடு வாள் மோதித் தடுப்பதையே முதலில் கற்ற எனக்கு, தடுக்காமல் விலகுவதற்கு உடம்பைப் பழக்குவது எளிதாக இல்லை. எதையும் தொடாமல் நிற்பதற்குத்தான் அதிகத் துணிச்சல் வேண்டியிருந்தது.

பார்ட்டன்-ரைட் இந்தக் கலைகளைத் தொலைவின்படி அடுக்கினார் என்று பொதுவாகச் சொல்லலாம். தடிக்கு ஒரு தொலைவு, உதைக்கும் குத்துக்கும் அடுத்தது, கைகலந்துவிட்டால் ஜுஜுட்சு. குத்துச்சண்டை வீரன் உதையை எதிர்கொள்வது எப்படி, மல்லன் ஜுஜுட்சு பூட்டிலிருந்து தப்புவது எப்படி என்று ஒரு கலைக்காரரை இன்னொரு கலைக்காரரோடு பழகவிட்டது அந்த நிலவறையில் நடந்த மிக மதிப்புள்ள வேலை. குயின்ஸ்பரி பிரபுவின் பெயரால் 1867-இல் வெளியான விதிகள் குத்துச்சண்டையைக் கையுறைக்குள்ளும் சதுர மேடைக்குள்ளும் கொண்டுவந்து, பிடித்துத் தள்ளுவதை விலக்கியிருந்த காலம் அது. ஒவ்வொரு கலையும் தன் விதிகளுக்குள் சுத்தமாகிக்கொண்டே போனபோது, விதிகளின் இடைவெளியில் என்ன நடக்கும் என்று கேட்டவர் இவர்.

வணிகத்தில் அவருக்குச் சாமர்த்தியம் போதவில்லை. 1902-இல் கழகம் மூடப்பட்டது. ஜப்பானிய ஆசான்களோடு மனக்கசப்பு ஏற்பட்டு அவர்கள் பிரிந்து போனார்கள். பார்ட்டன்-ரைட் வெப்பம், ஒளி, மின்சாரம் ஆகியவற்றால் மூட்டுவலிக்குச் சிகிச்சை அளிக்கும் தொழிலுக்கு மாறிவிட்டார். அவருடைய கலையின் பெயரை உலகம் மறக்காமல் காத்தது ஓர் எழுத்துப்பிழை. முன்பு கதையில் சாகடித்திருந்த துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸை 1903-இல் உயிர்ப்பித்த கானன் டாயில், ரைஷன்பாக் அருவியின் விளிம்பில் பரம எதிரி மொரியார்ட்டியிடமிருந்து அவர் தப்பியதற்குக் காரணமாக 'பாரிட்சு' என்ற ஜப்பானிய மல்யுத்தத்தைக் குறிப்பிட்டார். கதைப்படி அந்தச் சண்டை நடந்தது 1891-இல். பார்ட்டிட்சு பிறக்க அப்போது இன்னும் ஏழு ஆண்டுகள் இருந்தன. ஹோம்ஸின் திறமையில் அதுவும் அடக்கம் போலும்.

கழகம் போனாலும் ஜப்பானிய ஆசான்கள் லண்டனை விட்டுப் போகவில்லை. டானி, வில்லியம் பாங்கியர் என்ற பயில்வானைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு மியூசிக் ஹால் எனப்பட்ட கேளிக்கை அரங்குகளின் மேடைகளில் ஏறினார். குறித்த நேரம் தாக்குப்பிடிப்பவருக்குப் பரிசு என்று அறிவித்து, தம்மைவிட எவ்வளவோ பெரிய உடம்புக்காரர்களை மேடைக்கு அழைத்துத் தோற்கடிப்பார். சவாலுக்கு வருபவர்கள் ஜுஜுட்சு மேல்சட்டை அணிந்து அதன் விதிப்படியே மோத வேண்டும் என்பது நிபந்தனை. அந்தச் சட்டையின் கழுத்துப்பட்டையை வைத்தே மூச்சுமுட்டச் செய்யலாம் என்பதை வந்தவர்கள் மேடையில்தான் தெரிந்துகொண்டார்கள். உயெனிஷி தம் பங்குக்கு கோல்டன் சதுக்கத்தில் ஒரு பயிற்சிப்பள்ளி தொடங்கினார். அங்கே படித்தவர்களுள் ஒருவர் எடித் காரட்.

1872-இல் பிறந்த எடித்தின் உயரம் 4 அடி 11 அங்குலம். அவரும் கணவர் வில்லியமும் உயெனிஷியிடம் பயின்று, அவர் இங்கிலாந்தை விட்டுச் சென்றபோது அந்தப் பள்ளியையே ஏற்று நடத்தினார்கள். அப்போது பெண்களின் வாக்குரிமைப் போராட்டம் தீவிரமாகிக்கொண்டிருந்தது. 1910 நவம்பர் 18 அன்று நாடாளுமன்றத்தின் முன் கூடிய பெண்களைக் காவலர்களும் கூட்டத்திலிருந்த ஆண்களும் மணிக்கணக்கில் அடித்தும் இழுத்தும் அவமானப்படுத்தினார்கள். அதற்கு முன்பிருந்தே போராளிகளுக்கு ஜுஜுட்சு வகுப்பு எடுத்துவந்த எடித்தின் தேவை இதற்குப் பின் பலமடங்காயிற்று. 1913-இல் வந்த சட்டம், சிறையில் உண்ணாவிரதம் இருந்து மெலிந்த பெண்களை விடுவித்து, தேறியதும் மறுபடி பிடித்துப்போடும் ஏற்பாட்டைச் செய்தது; மக்கள் அதைப் பூனை-எலிச் சட்டம் என்றார்கள். எமலைன் பாங்க்ஹர்ஸ்ட் போன்ற தலைவர்கள் மறுபடி கைதாகாமல் காப்பதற்கென்று பெண்களே கொண்ட மெய்க்காப்பாளர் படை ஒன்று அமைந்தது. அதற்கு எடித் இரகசிய இடங்களில் பயிற்சி அளித்தார்.

இந்தப் பெண்கள் நீண்ட பாவாடைக்குள் மறைத்துக் கொண்டுபோன ஆயுதம் 'இந்தியன் கிளப்' எனப்பட்டது. நம் ஊர்த் தாலிம்கூடங்களில் சுற்றும் கர்லாக்கட்டைதான் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் இருந்த ஆங்கிலேய ராணுவத்தினர் இங்குள்ள மல்லர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டு போனது, எடையும் அளவும் குறைந்து, விக்டோரியா காலத்துப் பள்ளிகளிலும் கழகங்களிலும் பெண்களுக்கும் உகந்த உடற்பயிற்சிக் கருவியாகப் பரவியிருந்தது. காவலரின் குறுந்தடிக்கு எதிராக அதைத் திருப்பியவர்கள் அதே பெண்கள். 1914 மார்ச் 9 அன்று கிளாஸ்கோவின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மண்டபத்தில், பாங்க்ஹர்ஸ்ட் மேடையில் தோன்றிப் பேசத் தொடங்கியதுமே காவலர்கள் மேடையை நோக்கிப் பாய்ந்தார்கள். மேடையின் விளிம்பை அலங்கரித்த பூச்சரங்களுக்குள் முள்கம்பி ஒளிந்திருந்தது. அதைப் பற்றிக்கொண்டு ஏறியவர்கள் கை கிழிந்து அலற, மேலே ஏறிவிட்டவர்களைக் கர்லாக்கட்டையோடு பெண்கள் எதிர்கொண்டார்கள். ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்க நடந்த அந்தக் கைகலப்பின் முடிவில் பாங்க்ஹர்ஸ்ட் கைதாகிவிட்டார்; ஆனால் ஒரு பொதுக்கூட்டத்துக்குள் காவல்துறை இப்படிப் புகுந்ததற்காக நகரத்தில் எழுந்த கோபம் போராட்டத்துக்கு ஆதரவாகவே திரும்பியது.

கனவான்களைத் தெருப்பொறுக்கிகளிடமிருந்து காக்கவென்று விற்கப்பட்ட கலை, பதினைந்தே ஆண்டுகளுக்குள் சட்டத்தின் காவலர்களிடமிருந்து பெண்களைக் காக்கும் கலையாகிவிட்டதை பார்ட்டன்-ரைட் என்ன நினைத்துப் பார்த்திருப்பார்? தம் வாடிக்கையாளர்களை அவர் தவறாகக் கணித்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. சமநிலையைக் குலைத்து, பலத்தை அதன் உடைமையாளனுக்கே எதிராகத் திருப்பும் முறை யாருக்கு உண்மையில் தேவைப்பட்டது என்பதற்கு எடித்தின் நான்கு அடி பதினொரு அங்குலமே விடை.

வாள்வீச்சோ அதன் போக்கில் விளையாட்டாக நிலைபெற்றது. 1902-இல் அமெச்சூர் வாள்வீச்சுச் சங்கம் தோன்றியது. 1906-இல் ஏதென்ஸ் போட்டிக்குப் போன பிரிட்டிஷ் எப்பே வாள் அணியில் இருந்த காஸ்மோ டஃப்-கார்டன், ஆறு ஆண்டுகள் கழித்து டைட்டானிக்கிலிருந்து படகில் தப்பியதற்காகவே இன்று அதிகம் நினைக்கப்படுகிறார். ராணுவம் தன் குதிரைப்படைக்கு மிகச் சிறந்த குத்துவாள் ஒன்றை 1908-இல் ஒருவழியாக வடிவமைத்து முடித்தது. அதை மடக்கிப்போட இயந்திரத் துப்பாக்கிகளுக்கு ஆறு ஆண்டுகள் போதுமாயின.

பார்ட்டன்-ரைட் நெடுநாள் இருந்தார். 1918-இல் குன்ஜி கொய்ஸுமி லண்டனில் நிறுவிய புடோக்வாய் பள்ளியில் முதல் ஆசானாகச் சேர்ந்த டானி, அந்தக் கலையை ஜூடோவின் பாதைக்குக் கொண்டுபோனார். அந்த கொய்ஸுமியே 1950-இல், தொண்ணூறு வயதை எட்டிக்கொண்டிருந்த பார்ட்டன்-ரைட்டைத் தேடிப்போய்ப் பேட்டி எடுத்தார். அடுத்த ஆண்டு பார்ட்டன்-ரைட் காலமானார். பத்திரிகைக் கட்டுரைகளைத் தவிர, தம் கலைக்கென்று முழுமையான ஒரு பாடநூலை அவர் எழுதவேயில்லை. அதனால் 2002-க்குப் பிறகு பார்ட்டிட்சுவை மீட்டெடுக்கக் கிளம்பியவர்கள், பியர்சன்ஸ் புகைப்படங்களை எலும்புக்கூடாக வைத்து, டானி, உயெனிஷி, ஹட்டன் ஆகியோரின் மரபுகளிலிருந்து சதையைச் சேர்த்துவருகிறார்கள். விக்னியின் கைத்தடிக்கு மட்டும் அவர்களுக்கு விரிவான கையேடு ஒன்று கிடைத்திருக்கிறது. 1923-இல் வெளியான அதை எழுதிய ஹெச். ஜி. லாங், இந்தியக் காவல்துறையில் வேலைபார்த்த ஓர் அதிகாரி.